ஒரே அலைவரிசையில் இரண்டு சம்பந்திகள்

கண் டாக்டருக்கும் அவருடைய சம்பந்திக்கும் பேச்சு நின்றுபோய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். கொடுக்கல் வாங்கலில் தகராறு இல்லை, கல்யாணத்தில் யாருக்கும் மரியாதைக் குறைவு நடக்கவில்லை, பிள்ளைகள் இரண்டு பேரும் சந்தோஷமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். டாக்டர் தன் விமானத்தை ஒருநாள் தரையில் இறக்கிய விதம்தான் காரணம்.

இரண்டு பேரிடமும் சொந்தமாக ஆளுக்கொரு குட்டி விமானம் இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு சின்ன விமானத் திடல். ஒரு தார்ப்பாதை, நாலைந்து தகரக் கொட்டகைகள், ஒரு கிளப் அறை, அதிலேயே ஒரு கேன்டீன். அங்கே பழகிய பழக்கம்தான் கடைசியில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில் வந்து முடிந்தது. டாக்டரின் விமானத்துக்கு இறக்கை உட்காரும் இடத்துக்குக் கீழே இருக்கும். வெளியூரில் மரக்கடை வைத்துக்கொண்டு, அங்கிருந்து பறந்து வந்து போகும் சம்பந்தியின் விமானத்துக்கு இறக்கை தலைக்கு மேலே. "நம்ம சம்பந்தி குடை பிடிச்சுக்கிட்டுப் பறக்கிறாரு, வெயில் பட்டா கறுத்துருவாருல்ல" என்பார் டாக்டர். "பாய விரிச்சு மேல சம்மணம் போட்டுப் பறக்கிறவரு பேசுறாரு பாருங்க" என்பார் மரக்கடைக்காரர். கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். பாயில் உட்கார்ந்தவருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது, குடைக்குள் இருப்பவருக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரியாது. விமானம் ஓட்டப் பழகும் எல்லோருக்கும் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கும் விஷயம் இது.

அந்தத் திடலில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. நீ இறங்கு, நீ பொறு என்று சொல்ல ஆள் இல்லை. எல்லோரும் ஒரே அலைவரிசையில் ரேடியோவை வைத்துக்கொண்டு, நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், இந்தப் பக்கம் திரும்பப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். மற்றவர்கள் அதைக் காதில் வாங்கி ஒதுங்கிப் போக வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். இவ்வளவு பெரிய வானத்தில் இரண்டு விமானம் எப்படி ஐயா மோதும் என்று விவரம் தெரியாதவர்கள் கேட்பார்கள். பெரிய வானத்தில் யாரும் மோதுவதில்லை. எல்லோருக்கும் வேண்டியது அந்த ஒரே ஒரு தார்ப்பாதை. அதை நெருங்கும்போதுதான் வானம் குறுகிப் போகிறது.

அன்றைக்கு நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, திடல் நிறைய ஆட்கள். டாக்டர் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டார். விமானம் தரையைத் தொட்டு எகிறியது, மறுபடி தொட்டது, மறுபடி எகிறியது. கடைசியாக ஒரு வழியாக உட்கார்ந்தது. வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த சம்பந்தி சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா? மைக்கைப் பிடித்து, "சம்பந்தி, ஒரு தடவை இறங்கினாப் போதும். எண்ணிக்கைக்கு யாரும் பரிசு குடுக்கல" என்று விட்டார் ஒரு போடு. கிளப் அறையில் ரேடியோ ஒலிபெருக்கி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். கேன்டீன் அக்காவிலிருந்து பெட்ரோல் ஊற்றுகிறவர் வரைக்கும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டர் உள்ளே நுழைந்தபோது சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாங்க டாக்டர்" என்றார்கள். அந்த அடக்கிய சிரிப்புதான் அவரைக் கொன்றது.

அதோடு சரி. சம்பந்தி தொலைபேசியில் அழைத்தால் எடுப்பதில்லை. திடலில் எதிரே வந்தால், டாக்டருக்குத் திடீரென்று டயரில் காற்று பார்க்க வேண்டிய வேலை வந்துவிடும். சம்பந்திக்கும் ரோஷம் உண்டுதானே? "ஒரு கேலியைத் தாங்க முடியாத மனுஷன்கிட்ட எனக்கென்ன பேச்சு" என்று அவரும் முறுக்கிக்கொண்டார்.

"சின்னப் பிள்ளைங்க மாதிரி காய் விட்டுக்கிட்டு அலையுறீங்களே, வெக்கமா இல்ல?" என்று டாக்டரின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவர் வந்து சொல்லட்டும், நான் பேசுறேன்."

"அவரும் அதையேதான் சொல்றாராம். பாப்பாதான் நடுவுல கிடந்து சாகுறா."

பாப்பா என்பது மகள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளைக் கண்டால் ஒரு வகுப்பே நடுங்கும். ஆனாலும் வீட்டில் பாப்பாதான்.

தரையில் பேசாமல் இருப்பது சுலபம். ரேடியோவில் என்ன செய்வது? ஒரே அலைவரிசை, தப்பிக்க வழியில்லை. டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். சம்பந்தியின் அந்தக் கரகரத்த குரல் காதில் விழுந்ததும் கை தானாகப் போய் வால்யூம் குமிழைத் திருகிவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூட்டிக்கொள்வார். முதலில் வேண்டுமென்றே செய்தார், பிறகு பழகிப்போய்விட்டது. ஈயை விரட்டும்போது யாராவது யோசித்தா விரட்டுகிறார்கள்? தான் சொல்ல வேண்டியதை மட்டும் டாக்டர் ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிடுவார். விதிமுறையில் ஆள் படு கறார். கேட்காவிட்டால்தான் என்ன, இரண்டு கண் இருக்கிறதே! ஊரில் பாதிப் பேரின் கண்ணைத் திறந்துவைத்த தனக்கு வானத்தில் ஒரு விமானம் தெரியாதா என்ற நினைப்பு அவருக்கு.

இத்தனைக்கும், ஒவ்வொரு கண்ணிலும் பார்வையே இல்லாத ஒரு புள்ளி இருக்கிறது என்று நோயாளிகளுக்குத் தினமும் விளக்குகிறவர் அவர். "அது இருக்கிறதே உங்களுக்குத் தெரியாது. மூளை பக்கத்துல இருக்கிறத வச்சு அந்த ஓட்டையை ஒப்பேத்திடும்" என்பார். வந்தவர்கள் வாய் பிளந்து கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரு சனிக்கிழமை பாப்பா பிறந்த வீட்டுக்கு வருவதாக இருந்தது. மாமனார்தான் தன் விமானத்தில் கூட்டிக்கொண்டு வருகிறார் என்று மனைவி சொன்னதும் டாக்டருக்குச் சுருக்கென்றது.

"ஏன், நான் போய்க் கூட்டிட்டு வர மாட்டேனா? எனக்கு இறக்கை இல்லையா?"

"அவர் வீட்டுல இருந்து கிளம்புறா, அவர் கூட்டிட்டு வர்றாரு. திடலுக்குப் போய், வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வாய் தேஞ்சு போயிடாது. பாப்பா அதுக்காகத்தான் அவரோட வர்றாளே, உங்களுக்குப் புரியலையா?"

புரிந்தது. புரிந்ததால்தான் வயிறு எரிந்தது. மகள் ஓடி வந்து கையைப் பிடிப்பாள், பின்னால் அந்த மனுஷன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான், கிளப்பில் எல்லோரும் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பார்கள். அந்தக் காட்சியை நினைத்தாலே டாக்டருக்கு உடம்பெல்லாம் கூசியது. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். அவர்கள் வருகிற நேரத்தில் தான் தரையிலேயே இருக்கக்கூடாது. வானத்தில் இருந்தால் யார் வந்து பேசச் சொல்ல முடியும்? அவர்கள் இறங்கி, வண்டி பிடித்து வீட்டுக்குப் போன பிறகு மெதுவாக இறங்கிக்கொள்ளலாம். சம்பந்தி காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். மகளைச் சாயந்திரம் ஆற அமரப் பார்க்கலாம். சந்திப்பைத் தவிர்க்க இதைவிட நல்ல வழி ஏது!

காலை வெயில் ஏறியதும் கிளம்பினார். மலைப் பக்கமாகப் போய் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினார். மனசு அதில் இல்லை. பாப்பா சின்ன வயதில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மேகத்தைக் கையால் பிடிக்கப் பார்த்தது ஞாபகம் வந்தது. இப்போது அந்த மனுஷனின் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய மொக்கை ஜோக்குக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருப்பாள். இருக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

போட்ட திட்டத்தைக் கெடுத்தது வேறு எதுவும் இல்லை, சர்க்கரை வியாதி. கிளம்பும் முன் இரண்டு காபி குடித்திருந்தார். ஏரியின் மேலே இருக்கும்போதே அடிவயிறு ஞாபகப்படுத்த ஆரம்பித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வானத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு ஒதுங்கவா முடியும்? திட்டமாவது ஒன்றாவது என்று விமானத்தைத் திடலை நோக்கித் திருப்பினார்.

திடலை நெருங்கியதும் முறைப்படி தன் இடத்தைச் சொன்னார். சொல்லி முடிக்கும்போதே கரகரவென்று அந்தக் குரல் ஆரம்பித்தது. "திடலில் இருப்பவர்கள் கவனத்துக்கு, நான்..." அவ்வளவுதான். கை போய்க் குமிழைத் திருகிவிட்டது. இப்போதுதானே பேச ஆரம்பிக்கிறார், இன்னும் தூரத்தில் இருப்பார் என்று டாக்டர் கணக்குப் போட்டார். அதற்குள் இறங்கி, கழிப்பறைக்குப் போய்விட்டு, அப்படியே பின்பக்கமாக நழுவிவிடலாம்.

தார்ப்பாதைக்கு இணையாக நீளமாக ஒரு ஓட்டம் போய், ஒரு திருப்பம் திரும்பி, அதற்கும் ஒரு அறிவிப்புக் கொடுத்தார். இறங்கும் நேர்கோட்டில் சேரும் முன் தலையைத் திருப்பிப் பார்த்தார். பார்க்கவில்லை என்று யாரும் அவர்மேல் பழி சொல்ல முடியாது. அடிவானத்தில் பார்த்தார், மேலே பார்த்தார். கீழே காய்கறிப் பண்ணைகளின் வெள்ளைத் தார்ப்பாய்க் கூரைகள் வெயிலில் பளபளத்தன. எதுவும் அசையவில்லை. கடைசித் திருப்பத்தையும் முடித்து, தார்ப்பாதைக்கு நேராக மூக்கைத் தாழ்த்தினார். ரேடியோ அமைதியாக இருந்தது.

பண்ணைகள் முடிந்து உழுத வயல் வந்தது. வெயில் முதுகுப் பக்கம். முன்னால் சற்றே இடது ஓரத்தில், செம்மண்ணில் அவருடைய விமானத்தின் நிழல் ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் ஓடுகிற நிழல்தான். எப்போதும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இறங்குவார். இன்றைக்கு நிழல் இரண்டாக ஓடியது.

முதலில் அவர் நம்பவில்லை. கண் உறுத்துகிறதோ என்று இமைத்தார். இரண்டு நிழல்கள், பக்கத்துப் பக்கத்தில், ஒரே வேகத்தில். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. எது தன்னுடையது? இறக்கையை இலேசாக ஆட்டிப் பார்த்தார். ஒரு நிழல் ஆடியது. இன்னொன்று ஆடாமல் ஓடியது.

ஐயோ!

கால் முதல் தலை வரை குளிர்ந்து போயிற்று. தனக்குக் கீழே, தன் பாய்க்கு அடியில், குடை பிடித்துக்கொண்டு ஒருவர் வருகிறார். வெள்ளைக் கூரைகளின் மேல் வெள்ளை விமானம். அதனால்தான் கண்ணில் படவில்லை. அதற்குள் பாப்பா இருக்கிறாள். என் பாப்பா இருக்கிறாள். தான் இன்னும் கொஞ்சம் இறங்கினால் தன் சக்கரம் அவள் தலைமேல் இறங்கும்.

விசையை முழுக்கத் தள்ளினார். எஞ்சின் உறுமியது. மூக்கு மெல்ல நிமிர்ந்தது. அந்தக் கணம் இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. அவர்களும் ஏதோ காரணத்துக்காக இறங்காமல் மேலே கிளம்பினால்? பாதையில் ஒரு நாய் குறுக்கே வந்தால் போதுமே! மைக்கை அழுத்தினார். சொல்ல வேண்டிய முறை, வரிசை, விதி எல்லாம் பறந்துபோய்விட்டன.

"சம்பந்தி! சம்பந்தி! உங்க தலைக்கு மேல நான்! ஏறாதீங்க, தயவு பண்ணி ஏறாதீங்க, அப்படியே இறங்குங்க! சம்பந்தி, கேக்குதா? பாப்பாவ இறக்குங்க!"

பதில் இல்லை. திரும்பக் கத்தினார். பதில் இல்லை. பேசாமல் இருக்கிறாரே பாவி, இப்போதும் வீம்பா என்று மனசு கொதித்தது. பிறகுதான் கண் குமிழின் மேல் போனது. அது அடியோடு திருகிக் கிடந்தது. திருகியது யார்? தன் கைதான்.

அதைக் கூட்டினார். திடல் மெக்கானிக்கின் குரல் படபடத்தது. கிளப் அறை மைக்கிலிருந்து பேசினார்.

"டாக்டர், டாக்டர், கேக்குதா? அவர் இறங்கிட்டாரு டாக்டர். பாதையில ஓடிட்டு இருக்காரு. நீங்க ஏறிட்டே இருங்க."

"பாப்பா?"

"நல்லா இருக்காங்க சார். ஜன்னல் வழியா தெரியுறாங்க. சிரிச்சுக்கிட்டு இருக்காங்க."

டாக்டருக்குக் கண் மங்கியது. துடைத்துவிட்டு, திடலை மறுபடி ஒரு பெரிய சுற்றாகச் சுற்றினார். இந்த முறை யார் யார் எங்கே என்று ஒவ்வொரு குரலையும் கேட்டுக் கேட்டு வந்தார். சக்கரம் தரையில் பட்டதே தெரியவில்லை.

இறங்கி நின்றபோது கழிப்பறை ஞாபகமே வரவில்லை. தூரத்தில் சம்பந்தி தன் விமானத்தின் சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்தார். பாப்பா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். இரண்டு பேர் முகத்திலும் பதற்றம் ஒன்றும் இல்லை. அவர்களுக்கு எதுவுமே தெரியாது! டாக்டருக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த இரண்டு நிழல்களைப் பார்த்தது உலகத்தில் அவர் ஒருவர்தான். கிளப்பில் கேட்டவர்களிடம், ஒரு முன்ஜாக்கிரதைக்குச் சொன்னேன் என்று மழுப்பிவிடலாம். மரியாதையும் போகாது, வீம்பும் போகாது.

மழுப்ப முடியவில்லை. கால் தானாக அவர்களை நோக்கி நடந்தது.

"அப்பா!" பாப்பா ஓடி வந்து கையைப் பிடித்தாள். "என்னப்பா, எங்க தலைக்கு மேல பறந்து சீன் போட்டீங்களாமே? மாமா சொன்னாரு. ஏன் கை இப்படி ஐஸ் மாதிரி இருக்கு?"

டாக்டர் மகளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார்.

"சம்பந்தி, நான் சீன் போடல. இறங்கிக்கிட்டு இருந்தேன். நீங்க கீழ, நான் மேல. நிழலப் பார்த்தேன். பார்க்கலன்னா இந்நேரம்..."

மரக்கடைக்காரரின் சிவந்த முகம் வெளுத்தது. "என்ன சொல்றீங்க? நான் சுத்தாம தூரத்துல இருந்து நேரா வர்றேன் வர்றேன்னு சொல்லிக்கிட்டேதானே வந்தேன்? கேக்கலையா உங்களுக்கு?"

"கேக்கல. உங்க குரல் வந்ததும் குறைச்சுட்டேன். எப்பவும் குறைச்சுருவேன்." சொன்னபோது அவமானமாக இருந்தது. சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. "அதுக்கப்புறம் மேல இருந்து கத்தினேனே சம்பந்தி, தொண்டை கிழிய. ஏறாதீங்கன்னு. நீங்களாவது கேட்டீங்களா?"

சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். கையில் இருந்த கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பாப்பாதான் சொன்னாள். அவள் குரல் விசித்திரமாக இருந்தது.

"மாமாவும் குறைச்சுட்டாருப்பா. உங்க குரல் வந்துச்சு. உடனே குமிழைத் திருகினாரு. ஏன் மாமான்னு கேட்டேன். இரைச்சல் தாங்கல பாப்பான்னாரு. நான் சிரிச்சேன்." அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் சிரிச்சேன்ப்பா."

காற்றின் திசை காட்டும் துணிக்கூம்பு கம்பத்தில் படபடவென்று அடித்துக்கொண்டது.

"நீங்க சொன்னீங்க. அவரும் சொன்னாரு. முறை தவறாம, அழகா, இலக்கணமா சொன்னீங்க ரெண்டு பேரும். கேக்க ஒருத்தரும் இல்ல. நடுவுல நான் உக்காந்துக்கிட்டு இருந்தேன்."

"பாப்பா..." என்றார் டாக்டர்.

"அம்மா பாப்பா..." என்றார் சம்பந்தி.

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளப் அறைப் பக்கம் நடந்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்து, "அம்மா, வண்டி எடுத்துட்டு வா. என்னை மட்டும் கூட்டிட்டுப் போ" என்று சொல்வது இங்கே வரை கேட்டது. கேன்டீன் அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தாள். டாக்டர் கிட்டே போய், "பாப்பா, அப்பாவைப் பாரு" என்றார். அவள் வேறு பக்கம் பார்த்தாள். சம்பந்தி போய்க் கைகூப்பாத குறையாக நின்றார். அதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலாம் என்று இருந்தது டாக்டருக்கு.

இரண்டு பேரும் திரும்பி வந்து, கொட்டகையின் நிழலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். வேறு எங்கே போய் நிற்பது?

"நீங்க இன்னொரு தடவை போய்ப் பேசுங்க சம்பந்தி. உங்க பொண்ணு."

"நீங்க போங்க. உங்க மருமக. உங்கமேல அவளுக்குப் பிரியம் ஜாஸ்தி."

"இருந்த பிரியம்தான்." சம்பந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வியர்வை மட்டும் இல்லை. "பேசிடுவா இல்ல? ரெண்டு நாள்ல சரியாகிடும். எத்தனை நாளைக்குத்தான் பேசாம இருப்பா?"

டாக்டர் படிக்கட்டைப் பார்த்தார். மகள் முதுகை நிமிர்த்தி, தாடையை இறுக்கி, நேரே சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தத் தாடையை அவர் தினமும் கண்ணாடியில் பார்க்கிறார்.

"அவ என்னைக் கொண்டு பிறந்திருக்கா சம்பந்தி" என்றார். எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை பெருமையாகச் சொன்ன வார்த்தைதான். இன்றைக்கு அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.